பாட் விழுந்தால் முதலில் லாக்கை எடுங்கள்: கியூப்சிடிஎல் வழிகாட்டி

குபர்னெட்டீஸ் என்பது கன்டெய்னர்களை, அதாவது தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்த புரோகிராம்களை, பல மெஷின்களில் ஓட்டும் அமைப்பு. ஒன்றோ பலவோ கன்டெய்னர் சேர்ந்தது ஒரு பாட்; புரோகிராம் எழுதும் பதிவு லாக்; இதோடு பேசும் கட்டளைக் கருவி கியூப்சிடிஎல். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்து நிற்பார்கள்: "அக்கா, பாட் ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருக்கு, லாக்ல ஒண்ணுமே இல்லையே?" பெரும்பாலும் லாக் இருக்கும். அவர்கள் பார்த்தது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரின் லாக். பிரச்சினை இருப்பது செத்துப்போன கன்டெய்னரின் லாக்கில். சிலபேர் என்னிடம் வருவதற்கு முன்பே பாட்டை டெலீட் செய்திருப்பார்கள். அதற்கப்புறம் அக்காவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கீழே கட்டளைகளை நாங்கள் ராத்திரியில் போனில் சொல்லிக்கொள்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. ஒற்றை எழுத்து ஆப்ஷனுக்கு முன்னால் ஒரு கோடு, முழுச் சொல் ஆப்ஷனுக்கு முன்னால் இரண்டு கோடு. உதாரணத்துக்கு, ஒரு ஜவுளிக் கடையின் ஆன்லைன் விற்பனை ஓடும் கிளஸ்டர் (குபர்னெட்டீஸ் ஓடும் மெஷின்களின் கூட்டம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் ஒரு பிரிவு) பெயர் ஷாப், சேவையின் பெயர் பில்லிங். உண்மையான பாட் பெயரின் வாலில் கலவையாக எழுத்தும் எண்ணும் வரும். நான் பில்லிங்-பாட் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

லாக் எங்கே இருக்கிறது

இதை விளங்கிக்கொண்டால் ஆப்ஷன்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குபர்னெட்டீஸ் உங்கள் லாக்கை ஒரு டேட்டாபேஸில் சேர்த்து வைப்பதில்லை. கன்டெய்னருக்குள் ஓடும் புரோகிராம் ஸ்டான்டர்டு அவுட்புட்டிலும் ஸ்டான்டர்டு எரரிலும் எழுதுவதை, அந்த நோடில் (பாட் ஓடும் மெஷினில்) இருக்கும் கன்டெய்னர்டி மாதிரியான ரன்டைம் (கன்டெய்னரை ஓட்டும் மென்பொருள்) வாங்கி, அதே நோடின் டிஸ்க்கில் /வார்/லாக்/பாட்ஸ் என்ற டைரக்டரிக்குள் ஒரு ஃபைலில் எழுதுகிறது. நீங்கள் லாக் கேட்டால், கியூப்சிடிஎல் ஏபிஐ சர்வரை (கிளஸ்டரின் நுழைவாயில்) கேட்கும். ஏபிஐ சர்வர் அந்த நோடில் இருக்கும் கியூப்லெட்டை (நோடைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட்) 10250 போர்ட்டில் கேட்கும். கியூப்லெட் அந்த ஃபைலைத் திறந்து வாசித்து அனுப்பும். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே நோட் படுத்துவிட்டால் லாக் வராது. பாட்டை டெலீட் செய்தால் ஃபைலும் அதோடு போய்விடும். ஃபைல் பெரிதானால் சுழற்சியில் பழையது பின்னுக்குப் போகும்; கியூப்சிடிஎல் கடைசி ஃபைலை மட்டுமே காட்டும். நம் தலைவலியில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

முதல் வேலை, எந்தக் கிளஸ்டரில் இருக்கிறீர்கள் என்று உறுதி செய்வது:

கியூப்சிடிஎல் கான்ஃபிக் கரன்ட்-கான்டெக்ஸ்ட்

ஸ்டேஜிங் (சோதனைக்கான) கிளஸ்டரின் லாக்கைப் பார்த்துக்கொண்டு "எல்லாம் சரியாத்தானே ஓடுது" என்று சொல்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அடுத்தது பாட் பட்டியல்:

கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ் -என் ஷாப் -ஓ வைடு

எந்த நேம்ஸ்பேஸ் என்றே தெரியவில்லை என்றால் -என் ஷாப் இருக்கும் இடத்தில் --ஆல்-நேம்ஸ்பேசஸ் போடுங்கள். இந்தப் பட்டியலில் மூன்று பத்திகளைக் கவனிக்க வேண்டும். ரெடி பத்தியில் 2/2 என்று இருந்தால் பாட்டுக்குள் இரண்டு கன்டெய்னர்; லாக் கேட்கும்போது எது என்று சொல்ல வேண்டியிருக்கும். ரீஸ்டார்ட்ஸ் பத்தியில் 6 என்றும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு நிமிஷத்துக்கு முன் என்றும் இருந்தால், உங்களுக்கு வேண்டியது முந்தைய கன்டெய்னரின் லாக். நோட் பத்தியில், விழுகிற பாட் எல்லாம் ஒரே நோடில் இருந்தால் சேவையைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்த நோடைச் சந்தேகப்படுங்கள்.

இனி லாக்:

கியூப்சிடிஎல் லாக்ஸ் -என் ஷாப் பில்லிங்-பாட் --டெயில்=200

--டெயில் இல்லாமல் தட்டினால் ஃபைல் முழுவதும் திரையில் கொட்டும். ஓட ஓடப் பார்க்க -எஃப் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: -எஃப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கன்டெய்னர் செத்துப்போனால் கட்டளையும் முடிந்து கர்சர் திரும்பிவிடும். புதிதாக எழுந்த கன்டெய்னரை அது தானாகப் பின்தொடராது.

செத்த கன்டெய்னரின் லாக்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கட்டளையை நினைவில் வைத்துக்கொள்ள நினைத்தால், இது:

கியூப்சிடிஎல் லாக்ஸ் -என் ஷாப் பில்லிங்-பாட் --ப்ரீவியஸ் > பில்லிங்-விழுந்தது.டிஎக்ஸ்டி

சுருக்கமாக -பி. திரையில் பார்க்காமல் ஃபைலுக்கு அனுப்பியிருப்பதைக் கவனியுங்கள். கியூப்லெட் ஒரு கன்டெய்னருக்கு முந்தைய ஒரே ஒரு பிணத்தைத்தான் வைத்திருக்கும். ஆறாவது முறை விழுந்ததன் லாக்கை நீங்கள் நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது ஏழாவது முறை விழுந்தால், ஆறாவது போய்விடும். கன்டெய்னர் விழுந்து விழுந்து எழும் கிராஷ்லூப்பேக்ஆஃப் நிலையில், மறுபடி எழுப்புவதற்கு முதலில் 10 விநாடி, பிறகு 20, 40 என்று இடைவெளி இரட்டிப்பாகி அதிகபட்சம் 5 நிமிஷத்தில் நிற்கும். ஆரம்பத்தில் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் விநாடிக்கணக்கில்தான். சேமித்துவிட்டுப் படியுங்கள்.

ப்ரீவியஸ் என்பது அதே பாட்டுக்குள் இருந்த முந்தைய கன்டெய்னர். ரோல்அவுட் ரீஸ்டார்ட் (சேவையின் பாட்களைப் புதிதாக மாற்றும் கட்டளை) கொடுத்தாலோ பாட்டை டெலீட் செய்தாலோ வருவது புதுப் பெயருள்ள புதுப் பாட். அதற்கு முந்தையது என்று எதுவும் கிடையாது. முந்தைய கன்டெய்னர் இல்லை என்று கட்டளை உங்கள் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். அதனால்தான் எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: ப்ரீவியஸ் லாக்கும் டிஸ்க்ரைப் முடிவும் டிக்கெட்டில் ஒட்டப்படும் வரை யாரும் எதையும் ரீஸ்டார்ட் செய்யக்கூடாது. விற்பனை நிற்கிறதே என்று மேலே இருந்து குரல் வரும். இரண்டு கட்டளைக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது, அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க்ரைப் ஏன் என்றால், சில சாவுகள் லாக்கில் எழுதப்படுவதே இல்லை:

கியூப்சிடிஎல் டிஸ்க்ரைப் பாட் -என் ஷாப் பில்லிங்-பாட்

அதில் லாஸ்ட் ஸ்டேட் என்ற பகுதியைத் தேடுங்கள். எக்ஸிட் கோடு 137, ரீசன் ஓஓஎம்கில்டு என்று இருந்தால், மெமரி வரம்பைத் தாண்டியதால் லினக்ஸ் கெர்னலே புரோகிராமை அடித்துவிட்டது. 137 என்பது 128 கூட்டல் 9. ஒன்பதாம் எண் சிக்னல் வந்தால் புரோகிராமுக்குக் கடைசி வார்த்தை சொல்லக்கூட வாய்ப்பில்லை. லாக் ஒரு சாதாரண வரியோடு சட்டென்று அறுந்து நிற்கும். "எரர் எதுவும் இல்லையே" என்று வருகிறவர்களில் நிறையப் பேருடைய விஷயம் இதுதான்.

ஆனால் 137 என்றாலே மெமரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரீசன் இடத்தில் வெறும் எரர் என்று இருந்தால், லைவ்னஸ் ப்ரோப் (புரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) தோற்றுப்போய் கியூப்லெட் கொன்றதாகவும் இருக்கலாம். அது முதலில் 15ஆம் சிக்னலை அனுப்பி, வழக்கமாக 30 விநாடி காத்திருந்து, அப்போதும் அடங்காவிட்டால்தான் 9ஐ அனுப்பும். 15இலேயே அடங்கிப்போன புரோகிராம்களில் 143 என்று பார்ப்பீர்கள். டிஸ்க்ரைப் முடிவின் அடியில் இருக்கும் ஈவென்ட்ஸ் பகுதியில் லைவ்னஸ் ப்ரோப் ஃபெயில்டு என்ற வரி இருக்கும். எழுந்திருக்கவே ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளும் ஜாவா சேவைக்கு 20 விநாடியில் ப்ரோப் வைத்தால், அது ஒரு நாளும் எழுந்திருக்காது. லாக்கில் ஒவ்வொரு முறையும் அழகாகத் தொடங்கி, பாதியில் நிற்கும். ஈவென்ட்ஸை இயல்பான அமைப்பில் ஏபிஐ சர்வர் ஒரு மணி நேரம்தான் வைத்திருக்கும். காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டால் இராது.

இன்னொன்று, முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது. டெப்ளாய்மென்ட் யாமலில் (சேவையை எப்படி ஓட்டுவது என்று எழுதும் ஃபைலில்) கன்டெய்னருக்குக் கீழே டெர்மினேஷன்மெசேஜ்பாலிசி என்ற அமைப்பை ஃபால்பேக்டுலாக்ஸ்ஆன்எரர் என்று மாற்றினால், பிழையோடு விழும்போது லாக்கின் கடைசி 2048 பைட் அல்லது 80 வரி, இரண்டில் எது சிறியதோ அது, டிஸ்க்ரைப் முடிவிலேயே தெரியும். ஒரே ஒரு வரி மாற்றம் (இரண்டு பெயரிலும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும்; டெர்மினேஷன் மட்டும் சிறிய எழுத்தில்). இவ்வளவு உபயோகமான ஒன்றை ஏன் யாரும் போடுவதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒரு பாட்டுக்குள் பல கன்டெய்னர்

பாட்டில் ஒன்றுக்கு மேல் கன்டெய்னர் இருக்கும்போது பெயர் சொல்லாமல் கேட்டால், கியூப்சிடிஎல் தானே ஒன்றைத் தேர்ந்துகொண்டு, இதை எடுத்திருக்கிறேன், மற்றவை இவை என்று முதல் வரியில் சொல்லும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ப்ராக்ஸி சைடுகாரின் (நம் ஆப்புக்குத் துணையாக ஓடும் கன்டெய்னரின்) லாக்கை அரை மணி நேரம் ஆராய்ந்துவிட்டு "நம்ம கோடு எதுவுமே எழுதலையே" என்று வருவார்கள். -சி போட்டுப் பெயரைச் சொல்லிவிடுங்கள்:

கியூப்சிடிஎல் லாக்ஸ் -என் ஷாப் பில்லிங்-பாட் -சி ஆப்

ஸ்டேட்டஸ் இனிட் என்று தொடங்கினால் (இனிட்:கிராஷ்லூப்பேக்ஆஃப் மாதிரி) முக்கியக் கன்டெய்னர் இன்னும் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். விழுவது அதற்கு முன் ஓடும் இனிட் கன்டெய்னர், பெரும்பாலும் டேட்டாபேஸ் மைக்ரேஷன். அதன் பெயரையும் -சி-க்குப் பின்னால் கொடுக்கலாம். பெயர் தெரியாவிட்டால் டிஸ்க்ரைப்பில் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க --ஆல்-கன்டெய்னர்ஸ், எந்த வரி யாருடையது என்று தெரிய --ப்ரீஃபிக்ஸ்.

ஒரு சேவைக்குப் பல பாட்

தீபாவளி நேரத்தில் பில்லிங் பாட் எட்டுப் பத்து ஓடும். ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் எந்தப் பாட்டுக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? பலர் டெப்ளாய்மென்ட் பெயரையே கொடுத்துவிடுவார்கள்:

கியூப்சிடிஎல் லாக்ஸ் -என் ஷாப் டெப்ளாய்/பில்லிங்

இது எல்லாப் பாட்டையும் காட்டாது. இத்தனை பாட் கண்டேன், இதை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஒன்றின் லாக்கை மட்டும் கொடுக்கும். புதிய பதிப்புகளில் --ஆல்-பாட்ஸ் என்று சேர்த்தால் எல்லாம் வரும். எந்தப் பதிப்பானாலும் லேபிள் (பாட்டில் ஒட்டிய அடையாளம்) வழி நிச்சயம்:

கியூப்சிடிஎல் லாக்ஸ் -என் ஷாப் -எல் ஆப்=பில்லிங் --ப்ரீஃபிக்ஸ் --டெயில்=500 --சின்ஸ்=15எம்

இங்கே இரண்டு பொறி. -எல் போட்டால் --டெயிலின் இயல்பு மதிப்பு மாறிவிடும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கடைசி 10 வரிதான் வரும். தேடிய ஆர்டர் எண் இல்லை என்று முடிவுசெய்யும் முன் இதை யோசியுங்கள். முழுவதும் வேண்டுமானால் --டெயில்=-1. இரண்டாவது, -எஃப்-உம் சேர்த்தால் ஒரே நேரத்தில் 5 ஓடைகளுக்கு மேல் திறக்காது, பிழை காட்டி நின்றுவிடும். --மேக்ஸ்-லாக்-ரிக்வெஸ்ட்ஸ்=20 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். -எஃப் இல்லாதபோது வரிகள் பாட் பாட்டாக வரும், நேர வரிசையில் கலந்து வராது. வரிசை வேண்டுமானால் ப்ரீஃபிக்ஸை விட்டுவிட்டு --டைம்ஸ்டாம்ப்ஸ் சேர்த்து, பைப் போட்டு சார்ட் கட்டளைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வரியும் நேரத்தோடு தொடங்குவதால் தானே ஒழுங்காகிவிடும்.

நேரத்தைச் சொல்லிக் கேட்பது

--சின்ஸ்=15எம் என்றால் கடந்த 15 நிமிஷம், 2எச் என்றால் 2 மணி நேரம். குறிப்பிட்ட நேரத்திலிருந்து வேண்டும் என்றால் --சின்ஸ்-டைம். பெரும்பாலான கிளஸ்டர்களில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும், நாம் அதைவிட 5:30 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கடைக்காரர் "விடியக்காலை 2:10க்குப் பணம் பிடிச்சுட்டாங்க, பில் வரலை" என்றால், லாக்கில் அது முந்தைய நாள் இரவு 20:40. கணக்கு எளிதுதான், தூக்கக் கலக்கத்தில் தேதியைத்தான் விட்டுவிடுவோம். மனக்கணக்கு போடாமல் நம் நேரத்தையே கொடுத்துவிடலாம்:

கியூப்சிடிஎல் லாக்ஸ் -என் ஷாப் பில்லிங்-பாட் --டைம்ஸ்டாம்ப்ஸ் --சின்ஸ்-டைம்=2025-10-18டி02:05:00+05:30

நடுவில் வரும் டி மட்டும் பெரிய எழுத்து. இதுவரை என்று முடிவு நேரம் சொல்ல ஆப்ஷன் கிடையாது. தேவையான இடத்துக்கு மேல் வருவதை நீங்கள்தான் வெட்டிக்கொள்ள வேண்டும்.

தேடுவதற்கு வழக்கம்போல் கிரெப்தான். -எஃப்-ஓடு பைப் போட்டு மேலும் ஒரு பைப் போடும்போது கிரெப்புக்கு --லைன்-பஃபர்டு கொடுங்கள், இல்லாவிட்டால் வரிகள் தேங்கித் தேங்கி வரும். ஜேசன் வடிவில் லாக் எழுதும் சேவை என்றால், இடையிடையே சாதாரண வரி வந்து ஜேக்யூவை (ஜேசனைப் படிக்கும் கருவி) முறித்துவிடும்; முதலில் கிரெப் '^{' போட்டு வடிகட்டி, பிறகு ஜேக்யூவுக்கு அனுப்புங்கள்.

நேற்று இருந்தது இன்று காணோம்

கியூப்லெட்டின் இயல்பு அமைப்பில் ஒரு லாக் ஃபைல் 10 மெபிபைட் ஆனதும் சுழற்றப்படும். ஒரு கன்டெய்னருக்கு 5 ஃபைல் வரை இருக்கும். கடையில் இருக்கும் சிசிடிவி பழைய பதிவின் மேலேயே எழுதிக்கொண்டு போவதைப் போலத்தான். கியூப்சிடிஎல்லுக்குத் தெரிவது கடைசி ஃபைல் மட்டும். சேவை ஓயாமல் எழுதினால், உங்கள் 10 மெபிபைட் என்பது பத்து நிமிஷமாகக்கூட இருக்கலாம். --சின்ஸ்=6எச் என்று கேட்டாலும் பிழை எதுவும் சொல்லாமல் இருப்பதை மட்டும் கொடுக்கும். ஆகவே முதல் வரியின் நேரத்தைப் பாருங்கள்: நீங்கள் கேட்ட நேரத்துக்குப் பிறகு அது தொடங்கியிருந்தால், லாக் சுழன்றிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

மிச்சம் நான்கு ஃபைல் நோடில் இருக்கலாம். நோடுக்கு எஸ்எஸ்எச் இல்லாவிட்டாலும், அனுமதி இருந்தால் இப்படிப் போகலாம்:

கியூப்சிடிஎல் டீபக் நோட்/நோட்-பெயர் -இட் --இமேஜ்=பிசிபாக்ஸ்

உள்ளே போனதும் நோடின் டிஸ்க் /ஹோஸ்ட் என்ற இடத்தில் தெரியும். /ஹோஸ்ட்/வார்/லாக்/பாட்ஸ் கீழே நேம்ஸ்பேஸ், பாட் பெயர், யூஐடி மூன்றும் அடிக்கோடால் இணைந்த டைரக்டரி, அதற்குள் கன்டெய்னர் பெயரில் ஒன்று, அதற்குள் ஃபைல்கள். பழையவை ஜிஜிப்பாகச் சுருங்கியிருக்கும், இசட்கேட் போட்டு வாசிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் நேரம், ஸ்டான்டர்டு அவுட்டா எரரா, பிறகு எஃப் அல்லது பி என்ற ஓரெழுத்து, அதன் பின் உங்கள் லாக். பி என்றால் நீளமான வரியின் ஒரு துண்டு, மிச்சம் அடுத்த வரியில். வேலை முடிந்ததும் அந்த டீபக் பாட்டை டெலீட் செய்துவிட்டு வாருங்கள், தானாகப் போகாது.

கிரான்ஜாப் (குறித்த நேரங்களில் தானாக ஓடும் வேலை) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இயல்பாக வெற்றி பெற்ற கடைசி 3 ஜாபும் தோற்ற கடைசி 1 ஜாபும்தான் மிஞ்சும். இரவு பத்து மணிக்குத் தோற்றதும் பதினோரு மணிக்குத் தோற்றதும் வேறு வேறு காரணம் என்றால், பத்து மணிக்கானது கிடைக்காது. அதோடு ரீஸ்டார்ட்பாலிசி ஆன்ஃபெயிலியர் என்று இருந்தால், முயற்சி எல்லை முடிந்ததும் பாட்டையே எடுத்துவிடுவார்கள், லாக்கும் போகும். காரணம் தேடும் காலத்துக்கு மட்டுமாவது நெவர் என்று மாற்றி வையுங்கள்; ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பாட் மிஞ்சும், கியூப்சிடிஎல் லாக்ஸ் வேலை செய்யும்.

லாக் காலியாக வந்தால்

இமேஜ்புல்பேக்ஆஃப், கன்டெய்னர்கிரியேட்டிங் நிலைகளில் லாக் கேட்பது வீண். புரோகிராம் இன்னும் ஓடவே இல்லை. டிஸ்க்ரைப்பின் ஈவென்ட்ஸுக்குப் போங்கள். ஓடுகிறது, ஆனாலும் காலி என்றால், அது லாக்கை ஸ்டான்டர்டு அவுட்புட்டில் எழுதாமல் கன்டெய்னருக்குள் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும். பழைய ஜாவா ஆப்களைக் கன்டெய்னருக்குள் தூக்கி வைத்த இடங்களில் இது சகஜம். கியூப்சிடிஎல் எக்ஸெக் போட்டு உள்ளே போய் டெயில் செய்யலாம், தற்காலிகமாக. என்ஜின்எக்ஸின் அதிகாரபூர்வ இமேஜ் இதற்கு ஒரு நல்ல வழி காட்டுகிறது: ஆக்சஸ் லாக்கை ஸ்டான்டர்டு அவுட்டுக்கும் எரர் லாக்கை ஸ்டான்டர்டு எரருக்கும் சிம்லிங்க் செய்துவிட்டார்கள். புரோகிராமைத் தொடவே வேண்டியதில்லை.

பைத்தான் என்றால் இன்னொரு சாத்தியம்: பிரின்ட் செய்ததெல்லாம் பஃபரில் தேங்கி நிற்கும். 9ஆம் சிக்னலில் செத்தால் தேங்கியதும் சேர்ந்தே போகும். பைத்தான்அன்பஃபர்டு என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1 என்று வையுங்கள் (அது முழுக்கப் பெரிய எழுத்து).

தினமும் லாக் பார்க்கிறவர்கள் ஸ்டெர்ன் என்ற கருவியைப் போட்டுக்கொள்ளலாம். பாட் பெயரில் ஒரு பகுதியைக் கொடுத்தால் போதும், பொருந்தும் எல்லாப் பாட்டையும் வண்ணம் பிரித்துக் காட்டும், புதிதாக எழும் பாட்டையும் தானே சேர்த்துக்கொள்ளும். கே9எஸ் என்ற டெர்மினல் கருவியில் பாட் மேல் நின்று எல் தட்டினால் லாக், பி தட்டினால் முந்தைய கன்டெய்னரின் லாக். இரண்டும் வசதிதான். ஆனால் ஆன்கால் (அவசர அழைப்புப் பொறுப்பு) நேரத்தில் யாருடைய லேப்டாப் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கியூப்சிடிஎல் எங்கும் இருக்கும்.

அனுமதி இல்லை என்ற பிழை வந்தால், பாட்டைப் பார்க்கும் உரிமையும் லாக்கைப் படிக்கும் உரிமையும் வேறு வேறு என்பது காரணம். ஆர்பேக் (யாருக்கு எந்த உரிமை என்று சொல்லும்) விதியில் பாட்ஸ்/லாக் என்ற துணை வளத்துக்கு கெட் உரிமை தனியாகக் கேளுங்கள். அட்மின் உரிமையே கேட்டுவிடலாம் என்று தோன்றும். உங்கள் கிளஸ்டரைப் பார்ப்பவர் மறுப்பார், மறுக்கவும் வேண்டும். பில்லிங் லாக்கில் வாடிக்கையாளரின் போன் எண், முகவரி எல்லாம் இருக்கக்கூடும் என்பதால் அந்தச் சின்ன உரிமைக்கே அவர் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். லாக்கை ஃபைலாக எடுத்து டிக்கெட்டில் ஒட்டும்போதும் அந்த எண்களை முதலில் மறைத்துவிட்டு ஒட்டுங்கள்.